மலிவு விலை சின்தசைசர்: வாங்கும்போது எங்கே சறுக்குகிறோம்?

மின்சுற்றால் ஒலியை உருவாக்கும் கருவிதான் சின்தசைசர், சுருக்கமாக சிந்த். கையில் காசு குறைவாக இருக்கும் இசைக்காரர்களுக்கு இது நல்ல காலம். 2013-இல் கோர்க் நிறுவனம் வோல்கா என்ற குட்டி சிந்த் வரிசையைக் கொண்டுவந்த பிறகு, அசல் அனலாக் ஒலி சாதாரணமானவர்களுக்கும் எட்டும் விலைக்கு இறங்கியது. ஆர்ட்டூரியா, பெரிங்கர், ரோலண்ட் எல்லோரும் இந்தக் களத்தில் இருக்கிறார்கள். தாராளமாக வாங்கலாம். ஆனால் விலையைக் குறைத்தவர்கள் எங்கேயாவது எதையாவது வெட்டித்தான் குறைத்திருப்பார்கள். அந்த வெட்டு நமக்கு வேண்டிய இடத்தில் விழுந்திருக்கிறதா என்று பார்க்காமல் வாங்குவதால்தான் முக்காலே மூணுவீசம் பேர் ஏமாந்துபோகிறார்கள்.

அதற்காக மலிவானதை இளக்காரமாக நினைப்பதும் தவறுதான். 1980-களின் தொடக்கத்தில் ரோலண்ட் வெளியிட்ட டிபி-303, தனியாகப் பயிற்சி செய்யும் கிட்டார்காரர்களுக்கு பேஸ் துணை கொடுப்பதற்காகச் செய்யப்பட்ட சின்னப் பெட்டி. பேஸ் கிட்டார் போலவும் ஒலிக்கவில்லை, அதில் சுரங்களைப் பதிந்து வைப்பதும் பெரும்பாடு. சில வருடங்களிலேயே உற்பத்தி நின்றுபோனது. அடிமாட்டு விலைக்குக் கைமாறிய அந்தப் பெட்டியை சிக்காகோ இளைஞர்கள் சிலர் வாங்கி, அது ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒலியின் கூர்மையை மாற்றும் ஃபில்டர் நாபை (திருகு குமிழை)த் திருகிப் பார்த்தார்கள். ஆசிட் ஹவுஸ் என்ற இசைவகையின் ஒலி அங்கிருந்துதான் வந்தது.

சரி, நம்மூர் விஷயத்துக்கு வருவோம். இங்கே அதிகம் பார்க்கும் குழப்பம், கீபோர்டையும் சிந்த்தையும் ஒன்றென்று நினைப்பது. மெல்லிசைக் கச்சேரிகளில் பார்க்கும் யமஹா பிஎஸ்ஆர் போன்றவை அரேஞ்சர் கீபோர்டுகள். தபலா, வயலின், பியானோ, பின்னணித் தாளம் எல்லாம் தயாராக உள்ளே இருக்கும். மலிவு சிந்த்தில் இவற்றைத் தேடக்கூடாது. அதில் ஒலியை நாமேதான் செதுக்க வேண்டும். மேடையில் பாட்டுக்குப் பாட்டு வேறு வாத்தியம் வேண்டும் என்பவருக்கு அரேஞ்சர்தான் சரி. சிந்த் வாங்கிவிட்டு வருத்தப்படுவதில் அர்த்தமில்லை.

அடுத்தது வாய்ஸ் கணக்கு. ஒரே நேரத்தில் எத்தனை சுரம் ஒலிக்கும் என்பதைப் பலர் கேட்பதே இல்லை. கோர்க் மோனோலாக்கில் ஒன்றுதான். பல சுரங்களைச் சேர்த்து ஒலிக்கும் கார்டு (chord) பிடிக்க முடியாது. மினிலாக்கில் நான்கு. இடது கையில் மூன்று சுரம், வலது கையில் இரண்டு என்று வாசித்தால், ஐந்தாவது சுரம் வந்ததும் ஏற்கெனவே ஒலித்த ஒன்று அறுந்துவிடும். வோல்கா கீஸில் மூன்று சுரம் ஒலிக்கும் என்றாலும் மூன்றுக்கும் சேர்த்து ஃபில்டர் ஒன்றுதான். ஒவ்வொரு சுரமும் தனித்தனியாக எழுந்து அடங்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. ஆனால் ராகம் வாசிப்பவருக்கு ஒற்றைச் சுர சிந்த் ஒரு குறையே இல்லை என்பது என் கருத்து. ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிச் செல்லும் கிளைடை அளவாக வைத்து, சுரத்தை மேலும் கீழும் வளைக்கும் பிட்ச் பெண்டையும் பழகிக்கொண்டால் கமகம் அழகாக வரும். அதனால் பிட்ச் பெண்ட் இருக்கிறதா, விட்டதும் நடுவுக்குத் திரும்புகிறதா என்பதைக் கடையிலேயே பாருங்கள்.

கட்டைகளையும் தொட்டுப் பார்க்காமல் வாங்காதீர்கள். மினிலாக்கில் இருப்பவை ஒல்லிக் கட்டைகள். ஆர்ட்டூரியா மைக்ரோஃபிரீக்கில் கட்டைகள் அசையவே அசையாது, தட்டையான தொடுபலகைதான். ஆனால் விரல் அழுத்தத்தைச் சுரத்துக்குச் சுரம் தனியாக உணரும். பெரிங்கர் மாடல் டி-யில் கட்டையே கிடையாது, எந்தச் சுரம் என்று சிந்த்துக்குச் சொல்லும் மிடி கீபோர்டு தனியாக வேண்டும். அந்த மாடல் டி-யில் ஒலியைச் சேமித்து வைக்கும் வசதியும் இல்லை. பிடித்த ஒலி கிடைத்ததும் எல்லா நாபும் தெரியும்படி ஒரு ஃபோட்டோ எடுத்து வைப்பதுதான் வழி.

காசையும் கருவியையும் சேர்த்தே காவு வாங்குவது அடாப்டர். வோல்காவோடு அடாப்டர் வராது. ஆறு ஏஏ பேட்டரி போடலாம், அல்லது 9 வோல்ட் அடாப்டர் தனியாக வாங்க வேண்டும். கிட்டார் ஒலியை மாற்றும் பெடலுக்கும் 9 வோல்ட்தானே என்று அதைச் செருகப் பார்ப்பவர்கள் உண்டு. பெரும்பாலான பெடல்களில் அடாப்டர் பின்னின் நடுப்பகுதி மைனஸ். வோல்காவில் நடுப்பகுதி பிளஸ். பின்னின் அளவும் வேறு என்பதால் நேரடியாக நுழையாது. ஆனால் பல முனைகளோடு வரும் பொது அடாப்டரில் ஏதோ ஒரு முனை பொருந்திவிடும், ஆபத்தும் அங்கேதான். கருவியின் பின்புறமும் அடாப்டரின் மேலும் ஒரு சின்னப் படம் இருக்கும்: நடுவில் புள்ளி, அதைச் சுற்றி அரைவட்டம், இருபுறமும் பிளஸ், மைனஸ். புள்ளியோடு கோடு எந்தக் குறிக்குப் போகிறது என்பது இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். வோல்ட் அதேதான் இருக்க வேண்டும், ஆம்பியர் கூடுதலாக இருந்தால் பரவாயில்லை. அப்புறம், ஜப்பானில் விற்ற பழைய சிந்த் கைக்கு வந்தால் இன்னும் கவனம். பவர் சப்ளை உள்ளேயே இருக்கும் கருவிகள் அங்கத்திய 100 வோல்ட்டுக்குச் செய்தவை. நம் 230 வோல்ட் பிளக்கில் நேராகச் செருகினால் கதை முடிந்தது.

பட்ஜெட் போடும்போது சிந்த்தின் விலையை மட்டும் பார்ப்பதும் வழக்கமான சறுக்கல். ஒலிப்பதிவுக்கு, சிந்த்தின் ஒலியைக் கணினிக்குள் கொண்டுபோகும் ஆடியோ இன்டர்ஃபேஸ், கேபிள், நல்ல ஹெட்ஃபோன் எல்லாம் வேண்டும். சிந்த்தை லேப்டாப்பின் மைக் துளையில் செருகிவிட்டு, இரைகிறது என்று கருவியைக் குறை சொல்வது நியாயமில்லை.

இவ்வளவு செலவுக்கு முன்னால் லேப்டாப் இருப்பவர்கள் இலவச மென்பொருள்களில் கை பழகலாம். சர்ஜ் எக்ஸ்டி முழுக்க இலவசம். வைட்டலுக்கும் இலவசப் பதிப்பு உண்டு. 1983-இல் வந்த யமஹா டிஎக்ஸ்7-இன் ஒலியமைப்பை டெக்ஸ்ட் (Dexed) என்ற மென்பொருள் சும்மாவே தருகிறது. ஒலியை எழுப்பும் ஆஸிலேட்டர், அதைச் செதுக்கும் ஃபில்டர், அது எழுந்து அடங்கும் விதத்தைத் தீர்மானிக்கும் என்வலப் மூன்றும் என்ன செய்கின்றன என்று இவற்றில் காது பழகினால், கடையில் எதைக் கேட்க வேண்டும் என்பது தானாகத் தெரியும். இது தெரியாமல் வாங்குபவர்கள்தான் முதல் சிந்த் சலித்துப்போய் ஆறே மாதத்தில் இரண்டாவதைத் தேடுகிறார்கள்.

பழையது வாங்கினால் பேட்டரி அறையைத் திறந்து, பேட்டரி கசிந்து பச்சை படிந்திருக்கிறதா என்று பாருங்கள். ஹெட்ஃபோன் போட்டு ஒவ்வொரு நாபையும் மெதுவாக முழுச் சுற்றுத் திருப்புங்கள்; கரகரவென்று கேட்டால் விலையில் குறைக்கச் சொல்லலாம். ஒவ்வொரு கட்டையையும் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். ஆன் செய்து காட்ட மறுப்பவரிடம் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்க வேண்டாம்.