ஃப்ரீபிஎஸ்டியில் தமிழ் விசைப்பலகை: டெர்மினலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரித் தோட்டப்புற ஊர்களில், ஆலய அலுவலகத்து மூலையிலோ தமிழ்ப்பள்ளி அலமாரியிலோ கிடக்கும் பழைய கணினிக்கு ஃப்ரீபிஎஸ்டி (யுனிக்ஸ் வகை இலவச இயங்குதளம்) நல்ல மறுவாழ்வு தரும். வேலை நிற்பது தமிழில் தட்டத் தொடங்கும்போதுதான். கன்சோல் (சாளரம் இல்லாத வெறும் எழுத்துத் திரை), எக்ஸ் சாளரம் (வரைகலைத் திரை), உள்ளீட்டு முறை (தட்டுவதைத் தமிழாக்கும் மென்பொருள்), டெர்மினல் (சாளரத்துக்குள் கட்டளை அடிக்கும் இடம்) என நான்கு அடுக்குகள் இருக்கின்றன. கோளாறு ஓர் அடுக்கில் இருக்க, இன்னோர் அடுக்கைத் திருத்துவதே பலரும் செய்யும் தவறு.

நிறுவும்போதே முதல் தவறு நடந்துவிடும். விசைப்பலகை வகை கேட்டால் சிலர் 'யுகே' என்று கொடுக்கிறார்கள். மலேசியக் கடைகளில் வழக்கமாக விற்பது யுஎஸ் அமைப்பு. யுகே வரைபடத்தில் ஷிப்ட்டோடு 2 அழுத்தினால் @ வராது, இரட்டை மேற்கோள் விழும். கடவுச்சொல் திரையில் தெரியாததால், சரியாகத்தான் அடிக்கிறோம் என்று நினைத்துத் திரும்பத் திரும்பத் தோற்பார்கள். ஆர்சி.கான்ஃப் (rc.conf) என்ற அமைப்புக் கோப்பின் கீமேப் (keymap) வரியில் யுஎஸ் என்று மாற்றினால் போதும். பழைய வழிகாட்டிகள் சொல்லும் சிஸ்கான்ஸ் (syscons, பழைய கன்சோல்) கோப்புறையில் வரைபடத்தைத் தேடாதீர்கள். 2016இல் வந்த ஃப்ரீபிஎஸ்டி 11.0 பதிப்பு முதல் இயல்பான கன்சோல் 'விடி' (vt). கன்சோலில் தமிழ் எழுத்துரு ஏற்றவும் மெனக்கெட வேண்டாம். குறியீட்டுக்கு ஒரு கட்டம் என்று வரைவதால் உயிர்மெய் சேராது.

எக்ஸ் சாளரத்தில்தான் பெரிய ஏமாற்றம். எக்ஸ் சாளரத்தின் விசை வரைபடமான எக்ஸ்கேபியை (XKB) மாற்றும் செட்எக்ஸ்கேபிமேப் (setxkbmap) கட்டளையால் தமிழ்99 என்ற விசைப்பலகை வகையைச் சேர்த்துவிட்டு, "புள்ளி தானாக விழவில்லையே, விசைப்பலகை கெட்டுவிட்டதா?" என்று கேட்பார்கள். கெடவில்லை. முறையான தமிழ்99இல் 'அம்மா' எழுத நான்கு தட்டல் போதும்: அ, ம, ம, ஆ. மெய்க்குப் புள்ளி வைப்பதும், ஆகாரத்தைக் காலாக மாற்றுவதும் மென்பொருளின் வேலை. எக்ஸ்கேபிக்கு முந்தைய எழுத்து நினைவில் இருக்காது. விசைக்கு ஒரு குறியீடு கொடுப்பதோடு அதன் வேலை முடிந்தது. இதற்கு ஐபஸ் (IBus) என்ற உள்ளீட்டு மென்பொருளும் அதன் எம்17என் (m17n) தொகுப்பும் வேண்டும். ஆங்கில எழுத்தால் தமிழ் தட்டும் அஞ்சல் முறையில் பழகியவர்களுக்கு அங்குள்ள ஒலிபெயர்ப்பு முறை கிட்டத்தட்ட ஒத்துவரும், எல்லா விசையும் அப்படியே பொருந்தாது.

உலாவியில் தமிழ் வந்து எக்ஸ்டெர்ம் (xterm) என்ற டெர்மினலில் வராவிட்டால் இரண்டைப் பாருங்கள். பின்னணியில் ஓடும் ஐபஸ் டீமனை 'எக்ஸ்' கொடி (-x) இல்லாமல் தொடங்கியிருக்கலாம். அல்லது மொழியைக் குறிக்கும் லாங் (LANG) மாறியில் யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கம் இல்லாமல் இருக்கலாம். ஐபஸ் வந்தபின் எக்ஸ்கேபியின் மொழிமாற்று விசையையும் வைத்திருக்காதீர்கள். இரண்டு மாற்றிகள் சேர்ந்தால் எந்த மொழியில் நிற்கிறோம் என்றே தெரியாது. செட்எக்ஸ்கேபிமேப்பில் விருப்பங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்துகொண்டே போகும் என்பதால், முதலில் வெற்று விருப்பம் கொடுத்துப் பழையதைத் துடைக்க வேண்டும்.

கட்டளை அடிக்குமுன் ஆங்கிலத்துக்குத் திரும்புங்கள். தமிழ்99இல் சாய்கோடு 'ழ', அரைப்புள்ளி 'ந', ஒற்றை மேற்கோள் 'ய', சதுர அடைப்புகள் 'ச', 'ஞ'. கோப்புப் பாதைக்குத் தேவையான குறிகளே எழுத்தாகிவிடுகின்றன. விஐ (vi) என்ற உரைத் திருத்தியிலும் எஸ்கேப் அழுத்தியதும் மொழியை மாற்றாவிட்டால் எந்தக் கட்டளையும் நகராது.

மிக மோசமான தவறு இனிமேல்தான். எக்ஸ்டெர்மில் 'பெயர்' என்று அடித்தால், ஒற்றைக்கொம்பு 'ப'வுக்குப் பின்னால் தனியாக நிற்கும். அது காட்சிக் குறை மட்டுமே, கோப்பில் எழுத்து சரியாக இருக்கிறது. அழகாகத் தெரியட்டும் என்று கொம்பை முதலில் அடிப்பவர்கள் கோப்பையே கெடுத்துவிடுகிறார்கள். நன்கொடையாளர் பட்டியலைப் பிறகு அச்சிடும்போது புள்ளிவட்டம் முளைக்கும், தேடினால் பெயர் கிடைக்காது. மாற்ற வேண்டியது டெர்மினலை: எம்எல்டெர்ம் (mlterm) என்ற டெர்மினல் இந்திய எழுத்துகளைச் சேர்த்து வரையும்.

பேக்ஸ்பேஸ் அழிக்காமல் குறி ஏதும் விழுந்தால், விசை வரைபடத்தைத் தொடாமல் எஸ்டிடிஒய் (stty) கட்டளையால் டெர்மினலின் அழிப்பு எழுத்தைச் சரிசெய்யுங்கள். தொலைக் கணினி டெர்மினல் வகை தெரியாது என்றால், அந்த ஓர் இணைப்புக்கு மட்டும் டெர்மினல் வகையைச் சொல்லும் டெர்ம் (TERM) மாறியில் 'எக்ஸ்டெர்ம்-256கலர்' கொடுங்கள். நுழையும்போதெல்லாம் படிக்கப்படும் புரொஃபைல் கோப்பில் நிரந்தரமாக எழுதினால் மற்ற இடங்களில் திரை குழம்பும்.

கோப்புக்குத் தமிழில் பெயர் வைக்கும்போது நீளத்தைப் பாருங்கள். 'பெயர்' என்பது கண்ணுக்கு மூன்றெழுத்து, உள்ளே ஐந்து குறியீடு, 15 பைட். கோப்புப்பெயரின் எல்லை 255 பைட், அதாவது 85 தமிழ்க் குறியீடுகள். தைப்பூச அன்னதானக் கணக்கின் முழுத் தலைப்பையும் பெயராக வைத்தால், சேமிக்கும்போதே பிழை வரலாம்.