தைராய்டு புற்றுநோயும் எதிர்ப்பு சக்தியும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தைராய்டு புற்றுநோய் என்றதும் பலர் முதலில் தேடுவது எதிர்ப்பு சக்தியைக் கூட்டும் மாத்திரையைத்தான். கூடினால் நல்லது, குறைந்தால் கெட்டது என்ற கணக்கு இங்கே எடுபடாது. ஹாஷிமோட்டோ நோயில் எதிர்ப்பு அணுக்கள் சொந்தத் தைராய்டு சுரப்பியையே தாக்குகின்றன. மிகக் கொடிய அனாபிளாஸ்டிக் வகைக் கட்டிக்குள் மேக்ரோஃபேஜ் என்னும் எதிர்ப்பு அணுக்கள் மண்டிக் கிடக்கும். ஆனால் கட்டி வளரத்தான் துணைபோகும். எண்ணிக்கை கூடி என்ன பயன்?

ஹாஷிமோட்டோ இருந்தாலே புற்றுநோய் வந்துவிடும் என்று பயப்படுவதும் தவறு. இரண்டும் சேர்ந்து வருவது உண்டு என்றாலும், பெரும்பாலோருக்கு வருவதில்லை. கழுத்தில் கட்டி தட்டுப்பட்டால் மட்டும் அல்ட்ராசவுண்டைத் தள்ளிப்போடாதீர்கள்.

அதிகம் ஏமாற்றுவது ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்தான். தைராய்டு புற்றுநோயில் அதிகம் காணப்படும் பாப்பில்லரி, ஃபாலிக்குலர் வகைகளுக்காகச் சுரப்பியை முழுதாக எடுத்த பிறகு, நோய் திரும்புகிறதா என்று அறிய, தைராய்டு அணுக்கள் மட்டுமே சுரக்கும் தைரோகுளோபுலின் என்ற புரதத்தின் அளவைப் பார்ப்பார்கள். அது 0.1 ng/mL-க்கும் கீழே இருந்தால் நிம்மதியாகத்தான் இருக்கும். ஆனால் 'ஆன்டி-தைரோகுளோபுலின்' என்ற வரியையும் சேர்த்துப் படிக்க வேண்டும். இந்தப் புரதத்துக்கு எதிராக உடலே உண்டாக்கும் இந்த ஆன்டிபாடி சுமார் நான்கில் ஒரு நோயாளிக்கு இருக்கிறது. அது தைரோகுளோபுலினைப் பிடித்து மறைத்துவிடுவதால், வழக்கமான பரிசோதனை முறையில் அளவு பொய்யாகக் குறைந்து தெரியலாம். அப்படிப்பட்டவர்கள் ஆன்டிபாடியின் போக்கையே கவனிக்க வேண்டும்: படிப்படியாக இறங்கினால் நல்லது, தொடர்ந்து ஏறினால் டாக்டரிடம் பேச வேண்டும். லேபுக்கு லேப் முறை மாறும் என்பதால் ஒரே லேபில் எடுப்பது உத்தமம். அப்புறம், முடிக்காகச் சாப்பிடும் பயோட்டின் மாத்திரையும் முடிவைக் குழப்பும். குறைந்தது 2 நாள் முன்பே நிறுத்தலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

எதிர்ப்பு சக்தியைத் தூண்டிப் புற்றுநோயைத் தாக்கவைக்கும் இம்யூனோதெரபியை எல்லோருக்குமான மருந்தாக நினைப்பது இன்னொரு தவறு. ஜேம்ஸ் ஆலிசனுக்கும் தசுக்கு ஹோன்ஜோவுக்கும் 2018-இல் நோபல் பரிசு கிடைத்த கண்டுபிடிப்பு, எதிர்ப்பு அணுக்களின் பிரேக்கை விடுவிப்பது. ஆனால் பாப்பில்லரி வகைக்குப் பெரும்பாலும் அறுவை சிகிச்சையும், தேவைப்பட்டால் கதிரியக்க அயோடினுமே போதும். முற்றிய நிலையில் பெம்ப்ரோலிசுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்தை மட்டும் கொடுத்துப் பார்த்தபோது, பத்தில் ஒருவருக்கும் குறைவானவர்களுக்கே கட்டி கணிசமாகச் சுருங்கியது. தைராய்டையே வீங்க வைப்பது அதன் பக்கவிளைவுகளில் ஒன்று என்பது வேடிக்கைதான்.

அனாபிளாஸ்டிக் என்று தெரிந்தால் முதலில் கேட்க வேண்டியது பிராஃப் வி600இ (BRAF V600E) என்ற மரபணு மாற்றத்துக்கான பரிசோதனை. அது இருந்தால் அதைக் குறிவைக்கும் டப்ராஃபெனிப், ட்ரமெட்டினிப் என்ற மருந்துகள் இரண்டையும் சேர்த்துக் கொடுக்கலாம். அமெரிக்காவில் 2018-இலேயே அனுமதி கிடைத்துவிட்டது. இந்த வகை நாள்கணக்கில் வளரும், பரிசோதனையைத் தாமதிக்கக் கூடாது.