விசுவமடுவில் இருந்து ரொறன்ரோவுக்கு வேலை: முதலில் லைனை அளக்கப் பழகுங்கள்

நெட்வேர்க் வேலைதான் என் பிழைப்பு. கொழும்பில் அலுவலகத்தில் இருந்து செய்ததை இப்போது வன்னியில், விசுவமடுவில், வீட்டு விறாந்தையில் இருந்து செய்கிறேன். கிளிநொச்சி அறிவியல் நகரில் படித்து முடிக்கிற பிள்ளைகள் என்னைக் கண்டால் கேட்பது ஒரே கேள்விதான்: "அண்ணை, வீட்டில் இருந்து வெளிநாட்டுக்கு வேலை செய்ய எந்த சிம் நல்லது?" அதற்கு ஊருக்கு ஒரு பதில், சில இடங்களில் வளவுக்கு ஒரு பதில். தர்மபுரத்தில் பறக்கிற சிம் ஒட்டுசுட்டான் பக்கம் படுத்துவிடும். ஆகவே சிம்மின் பெயரை விட்டுவிட்டு, அளக்கிற முறையைச் சொல்கிறேன்.

வேகம் பார்க்கிற செயலியைத் தட்டி "30 எம்.பி. வருகுது" என்று காட்டுவார்கள். அந்தக் கணக்கு பெரும்பாலும் கொழும்பில் உள்ள ஒரு சேர்வர் வரைக்கும்தான். யூடியூப் நிற்காமல் ஓடுவதையும் சாட்சிக்கு எடுக்க முடியாது. கூகுள் போன்ற பெரிய நிறுவனங்கள் அடிக்கடி பார்க்கப்படும் வீடியோக்களின் பிரதிகளை இணையம் தருகிற நிறுவனங்களின் கட்டடங்களுக்குள்ளேயே வைத்திருக்கின்றன. படம் கடல் தாண்டாமலே வந்துவிடும். உங்களுக்குச் சம்பளம் தருகிறவரின் சேர்வரோ பிராங்பேர்ட்டிலோ மொன்றியலிலோ இருக்கும். நீங்கள் அனுப்புகிற தரவு சின்னச் சின்னப் பொதிகளாகத்தான் போகும். அங்கே போகிற ஒவ்வொரு பொதியும் வன்னியில் இருந்து தெற்கே இறங்கி, கடலடிக் கேபிளில் ஏறித்தான் போகவேண்டும். கண்ணாடி இழையில் ஒளி 1000 கிலோமீட்டர் போய்வரவே ஏறக்குறைய 10 மில்லிசெக்கன் ஆகும். எந்தப் பக்கேஜ் வாங்கினாலும் இதற்குக் கீழே இறங்காது.

அதனால் அந்தச் சேர்வருக்கே பிங் போட்டுப் பாருங்கள். பிங் என்பது ஒரு சின்னப் பொதியை அனுப்பி, பதில் வர எவ்வளவு நேரம் என்று அளக்கிற கட்டளை. அது பதில் தராவிட்டால், அதே நகரத்தில் உள்ள வேறு ஒரு சேர்வருக்குப் போடலாம். விடிய ஒருதரம், மத்தியானம் ஒருதரம், இரவு எட்டு மணிக்கு ஒருதரம், ஒவ்வொன்றும் பத்து நிமிடமாவது ஓடட்டும். பார்க்கவேண்டியவை மூன்று: சராசரித் தாமதம், அது ஏறி இறங்கும் அளவு, தொலைந்துபோன பொதிகள். தாமதம் 200 மில்லிசெக்கன் ஆனாலும் சீராக இருந்தால் வேலை நடக்கும். குரல் ஒரு பக்கம் போய்ச்சேர 150 மில்லிசெக்கனுக்குள் இருப்பது நல்லது என்பது உலகத் தொலைத்தொடர்பு அமைப்பான ஐ.ரி.யு.வின் ஜி.114 பரிந்துரை. போய்வர 300 என்றால்கூட வடிவாகக் கதைக்கலாம். 200 க்கும் 700 க்கும் இடையில் துள்ளுகிற லைன், வேகம் எவ்வளவு காட்டினாலும், கோலுக்கு உதவாது.

இன்னொரு சோதனை இருக்கிறது, இதைத்தான் கனபேர் செய்வதில்லை. பிங் ஓடிக்கொண்டிருக்கும்போதே பெரிய வீடியோ ஒன்றை கூகுள் டிரைவில் ஏற்றுங்கள். 200 இல் நின்ற தாமதம் 900 க்குப் போனால் ரவுட்டருக்குள் பொதிகள் வரிசையில் தேங்குகின்றன என்று பொருள். வீட்டில் தங்கச்சி டிக்டொக் ஏற்றினால் உங்கள் கோல் கரகரக்கிறதா? காரணம் அநேகமாக இதுதான். ரவுட்டரில் ஏற்றும் வேகத்தை, உண்மையில் கிடைப்பதில் 80 வீதத்துக்கு மட்டுப்படுத்துங்கள். ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற இலவச மென்பொருள் போடக்கூடிய ரவுட்டர் என்றால், அதில் வரிசை தேங்காமல் பார்க்கிற எஸ்.கியூ.எம். என்ற வசதியைத் திறந்துவிடுங்கள். கொஞ்ச வேகம் குறையும், கோல் தெளியும். 4ஜியில் கிடைக்கும் வேகம் நேரத்துக்கு நேரம் மாறுவதால் இன்னும் கொஞ்சம் இறக்கி வைப்பதே பாதுகாப்பு.

சரி, சிக்னலுக்கு வருவோம். போனில் தெரிகிற கோடுகளை நம்பவேண்டாம். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் ஆர்.எஸ்.ஆர்.பி. (சிக்னலின் பலம்), எஸ்.ஐ.என்.ஆர். (இரைச்சலோடு ஒப்பிட்டால் சிக்னலின் தெளிவு) என்று இரண்டு எண்கள் இருக்கும். முதலாவது -90 ஐ விடப் பூச்சியத்துக்குக் கிட்ட இருந்தால் போதும். -110 என்றால் கஷ்டம். இரண்டாவதை 10 க்கு மேலே கொண்டுவரப் பாருங்கள். தகரக் கூரைக்குக் கீழே ரவுட்டரை வைத்துவிட்டு சிக்னலைத் திட்டிப் பயனில்லை. எங்கள் பக்கம் தண்ணித்தாங்கி வைத்த கல்வீடுகள் நிறைய உண்டு. அந்தத் தாங்கிக்குப் பக்கத்தில் ஜி.ஐ. பைப் நட்டு வெளி அன்ரெனாவைக் கட்டுங்கள். நான் கட்டும்போது பக்கத்து வளவு ஐயா வேலியால் எட்டிப் பார்த்து, "தம்பி, உதைப் பனையில கட்டினால் இன்னும் உயரமெல்லே?" என்றார். உயரம்தான், ஆனால் பனை காற்றுக்கு ஆடும், அன்ரெனா கோபுரத்தை விட்டு விலகும். இடியும் முதலில் அங்கேதான் விழும். அவருக்கு இடிக் கதை மட்டும் உடனே விளங்கியது.

அன்ரெனாவில் இருந்து ரவுட்டருக்கு வருகிற வயர் நீண்டால், பிடித்த சிக்னலில் ஒரு பங்கை அதுவே தின்றுவிடும். இரண்டு மூன்று மீற்றரோடு நிறுத்துங்கள். தூரம் கூட என்றால், அன்ரெனாவோடு சேர்ந்து வெளியில் நிற்கிற ரவுட்டரை வாங்கி, நெட்வேர்க் கேபிளை வீட்டுக்குள் இறக்குங்கள். அது 100 மீற்றர் வரை தாங்கும், கரண்டையும் அதிலேயே அனுப்பலாம். சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேரம் வானம் இருண்டால் முதல் வேலை, அந்தக் கேபிளைக் கழற்றுவது. கோல் போனால் போகட்டும்.

இரண்டாவது லைன் கட்டாயம் வேண்டும். ஆனால் வேறு கொம்பனியின் சிம் வாங்கியவுடன் இரண்டு வழி கிடைத்துவிட்டது என்று நினைக்கவேண்டாம். ஒரே கோபுரத்தில் இரண்டு கொம்பனிகள் தங்கள் அன்ரெனாக்களைக் கட்டியிருப்பது வழமை. அதன் பற்றரி இறங்கினால் இரண்டும் சேர்ந்து விழும். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் நின்றபோது இதைக் கண்ணால் பார்த்தோம். அன்ரெனாவை எந்தத் திசைக்குத் திருப்பினால் எந்த சிம் எடுக்கிறது என்று குறித்து வையுங்கள். ஒரு சிம் பரந்தன் பக்கக் கோபுரத்தையும் மற்றது புதுக்குடியிருப்புப் பக்கக் கோபுரத்தையும் பிடித்தால் நல்லது. ஏ9 வீதியோரம் ஃபைபர் கிடைக்கிறவர்கள் அதை எடுத்துவிட்டு ஒரு சிம்மைக் காவலுக்கு வைத்தால் போதும். செய்மதி மூலம் இணையம் தருகிற ஸ்டார்லிங்க் 2025 ஜூலையில் இலங்கைக்கு வந்துவிட்டது. அதன் செய்மதிகள் சுமார் 550 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுவதால், 36,000 கிலோமீட்டரில் நிற்கிற பழைய வகைச் செய்மதிகளின் தாமதம் இதில் இல்லை. ஆனால் மரம் மறைக்காத வானம் வேண்டும், சாதாரண ரவுட்டரை விடப் பல மடங்கு கரண்டும் இழுக்கும்.

கரண்ட் போனாலும் ரவுட்டர் ஓட, பெரிய இன்வேர்ட்டர் தேவையில்லை. பல ரவுட்டர்கள் 12 வோல்ட்டில்தான் ஓடுகின்றன, அடப்டரின் முதுகில் எழுதியிருக்கும். அதற்கென்றே சின்ன யு.பி.எஸ். விற்கிறார்கள். நல்ல நிலையில் உள்ள 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பற்றரி கைவசம் இருந்தால் நாலு மணித்தியாலமளவு இழுக்கும். நேரே கொழுவாமல் நடுவில் வோல்டேஜைச் சீராக்குகிற சின்னப் பலகை ஒன்றைப் போடுங்கள்.

வீட்டுக் கணினியில் ஒரு சேர்வரை ஓடவிட்டு வெளியில் காட்டப் பார்த்தால் 4ஜியில் அநேகமாக நடக்காது. ரவுட்டருக்குக் கிடைத்த ஐ.பி. முகவரி 10 இலோ, 100.64 க்கும் 100.127 க்கும் இடையிலோ தொடங்குகிறதா பாருங்கள். அப்படியென்றால் ஒரு பொது முகவரியை உங்களோடு இன்னும் பலர் பங்கு போடுகிறார்கள். பழைய நான்காம் பதிப்பு (ஐ.பி.வி.4) முகவரிகளின் உலகக் கையிருப்பு 2011 பெப்ரவரியிலேயே முடிந்துபோனதன் விளைவு இது. டெயில்ஸ்கேல் அல்லது கிளவுட்ஃபிளேர் டனல் என்ற, நடுவில் நின்று வழி திறக்கிற சேவை ஒன்றைப் போட்டால், இணைப்பு உங்கள் பக்கத்தில் இருந்து வெளியே போவதால் சிக்கல் தீரும். வாடிக்கையாளரின் இணையத்தளத்தை மட்டும் வீட்டில் வைக்காதீர்கள். சிங்கப்பூரில் சின்ன சேர்வர் ஒன்றை வாடகைக்கு எடுங்கள்.

நேரம் பேசும்போது ஒரு கணக்கு. ரொறன்ரோவில் காலை ஒன்பது, எங்களுக்குக் கோடையில் பின்னேரம் ஆறரை, மாரியில் இரவு ஏழரை. ஊரே வீட்டுக்கு வந்து போனைத் திறக்கிற நேரம், கோபுரம் திணறும். லண்டனின் காலை ஒன்பது பகல் ஒன்றரை அல்லது இரண்டரைக்கு வருவதால் அந்த வேலை சுகம். கனடாக்காரரோடு முதல் கிழமையே "வீடியோ வேண்டாம், குரல் மட்டும்" என்று சொல்லிவிடுங்கள். அன்றாட விபரங்களை எழுத்தில் அனுப்பப் பழக்கினால் கோலே பாதியாகும். அங்குள்ள எங்கள் ஆட்களின் கடைகளும் மண்டபங்களும் கோயில்களும்தான் பலருக்கு முதல் வாடிக்கை. சொந்தக்காரர் என்பதற்காக விலை பேசாமல் தொடங்காதீர்கள்.

காசு விடயம் சுருக்கம். இலங்கைக் கணக்கில் பேபால் மூலம் அனுப்பலாம், வாங்க முடியாது. பேயோனியர் என்ற பணச்சேவை மூலமோ நேரே வங்கிக்கோ வரச்செய்யுங்கள். வெளிநாட்டுச் சேவை வருமானத்துக்கு 2025 ஏப்ரல் 1 முதல் 15 வீதம் வரை வரி உண்டு. ஆகவே ஒவ்வொரு இன்வொய்ஸையும், வங்கி தருகிற வரவுத் துண்டையும் மாதவாரியாக ஒரு கோப்பில் போட்டு வையுங்கள்.