சர்ஃபேஸ் பிளேட்டுக்கு ஆடாத ஸ்டாண்டு நாமளே செய்யலாம்

கிரானைட் சர்ஃபேஸ் பிளேட் (துல்லியமா அளக்குறதுக்கு அடித்தளமா வைக்கிற, மேல்பக்கம் ரொம்பத் தட்டையா இருக்கிற கல்லு) வாங்குற நிறைய பேரு அதை அப்படியே ஒரு டேபிள் மேல தூக்கி வச்சிடுறாங்க, டேபிள் எப்படி வளைஞ்சிருக்கோ அதுக்கேத்த மாதிரி கல்லும் துளி வளையும். கல்லு எங்க வளையப் போகுதுன்னு தோணும், ஆனா நாம அளக்குறதே மைக்ரான் (ஒரு மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு) கணக்குலதானே. அதனால கல்லை மூணே மூணு புள்ளில தாங்கணும், முக்காலி எந்தத் தரையிலயும் ஆடாதுல்ல, அதே கதைதான்.

600 × 450 × 100 மில்லிமீட்டர் பிளேட்டை வச்சு சொல்றேன், எடை சுமார் 80 கிலோ வரும்.

முதல்ல கல்லோட அடிப்பக்கம் பாருங்க. கம்பெனியே மூணு பேட் ஒட்டியிருந்தா அதே இடத்துலதான் தாங்கணும், மாத்தவே கூடாது. இல்லன்னா நீளத்துல அஞ்சுல ஒரு பங்கு, அதாவது ரெண்டு முனையிலருந்தும் 120 மில்லி உள்ள தள்ளி குறிங்க: ஒரு முனைல ரெண்டு புள்ளி, எதிர் முனைல நடுவுல ஒண்ணு.

அடுத்து ஃபிரேம். 50 × 50 ஸ்கொயர் ட்யூப், 3 மில்லி கனம் தாராளம். மேல் சட்டத்தை பிளேட்டை விட கொஞ்சம் பெருசா வெட்டி, புள்ளி வர்ற இடத்துல குறுக்குக் கம்பி குடுங்க. முழுசா வெல்ட் பண்றதுக்கு முன்னாடி அங்கங்க சின்னப் புள்ளியா டேக் வெல்ட் மட்டும் போட்டு ரெண்டு மூலைவிட்டத்தையும் அளந்து பாருங்க, சமமா இருந்தாதான் மேல போகணும். வெல்டிங்கை ஒரே மூலைல போட்டுக்கிட்டே போனா சூட்டுல சட்டம் இழுத்துக்கும், எதிரெதிர் மூலையா மாத்தி மாத்தி போடுங்க. நாலு காலுக்கும் நடுவுல சாய்வுக் கம்பி கண்டிப்பா வேணும், பக்கவாட்டு ஆட்டத்தை நிறுத்துறதே அதுதான். காலுக்கு அடில திருகி ஏத்தி இறக்குற மாதிரி போல்ட், வீல் வேண்டவே வேண்டாம்.

மூணு புள்ளிலயும் ட்யூப்ல ஓட்டை போட்டு மேல எம்16 நட்டை வெல்ட் பண்ணி, தலை மேல வர்ற மாதிரி போல்ட்டை இறக்கி, அது தானா திரும்பாம இறுக்கிப் பிடிக்க லாக் நட் போடுங்க. தலை மேல கெட்டியான ரப்பர் பேட்.

இப்ப ஒரு ஆபத்து இருக்கு. மூணு புள்ளில நிக்கிற கல்லு, ஒண்ணு மட்டும் இருக்கிற பக்கத்து மூலைல யாராவது கையை ஊன்றினா கவிழப் பாக்கும். அதனால நாலு மூலைலயும் கல்லைத் தொடாம 2 மில்லி இடைவெளி விட்டு ஒரு தாங்கி வைங்க, கவிழ்ந்தா மட்டும் பிடிக்கட்டும்.

கல்லைத் தூக்க ரெண்டு மூணு பேராவது வேணும், விளிம்பு பட்டுச்சுன்னா உடைஞ்சிடும். வச்சதும் ரசமட்டம் பாத்து போல்ட்டைத் திருகி லாக் பண்ணுங்க. மட்டம் துளி சாய்ஞ்சிருந்தா கல்லோட தட்டைத்தன்மை கெட்டுடாது, அதுக்காக மண்டையை உடைச்சுக்காதீங்க. வெயிலும் ஃபேன் காத்தும் நேரா படாத இடம்தான் முக்கியம், மேல்பக்கம் சூடாகி அடிப்பக்கம் குளிர்ந்து இருந்தா கல்லு நடுவுல மேல எழும்பும். ஒரு நாள் அப்படியே விட்டுட்டு அப்புறம் அளக்க ஆரம்பிங்க.

கடைசியா ரசமட்டத்தை கல்லு மேல வச்சிட்டு ஃபிரேமை கையால நல்லா தள்ளி விடுங்க, குமிழி பழைய இடத்துக்கே திரும்பி வரணும். வரலன்னா முதல்ல லாக் நட்டு, அப்புறம் தரையைத் தொடாம நிக்கிற கால் எதுன்னு பாருங்க.