எலியேசர் யுட்கோவ்ஸ்கியைப் பற்றி ஒற்றை வரிப் பகடி எழுதுவது எப்படி?

செயற்கை நுண்ணறிவின் ஆபத்தைப் பற்றி எழுதியே பெயர் பெற்ற எலியேசர் யுட்கோவ்ஸ்கியை வைத்து, அவருடைய வாசகர்களே 2009-இல் ஒரு நகைச்சுவைப் பட்டியலைத் தொடங்கினார்கள். ஹாலிவுட் சண்டை நடிகர் சக் நோரிஸ் பெயரில் உலவிய நகைச்சுவை 'உண்மைகள்' அதற்கு முன்மாதிரி. ரஜினி ஜோக்குகளைப் படித்தவர்களுக்கு அந்த வடிவத்தை விளக்கத் தேவையில்லை. நண்பர்களுக்காக நானும் அப்படிப் பத்து வரிகள் எழுதிப் பார்த்தேன், ஒருவரும் சிரிக்கவில்லை. பிறகு பிடிபட்ட வழி இது.

படி 1: செய்திகளைத் திரட்டுங்கள்

அவர் உயர்நிலைப் பள்ளிக்கோ கல்லூரிக்கோ போகாமல் தாமாகவே கற்றவர். எதையும் பேயஸ் தேற்றத்தில் (புதிய சான்று கிடைத்தால் நம் கணிப்பை எவ்வளவு மாற்ற வேண்டும் என்று சொல்லும் நிகழ்தகவு விதி) கொண்டுபோய் முடிப்பவர். ஹாரி பாட்டர் உலகை வைத்து 2010 முதல் 2015 வரை 122 அத்தியாயங்கள், 6 லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள் என்று ஒரு கதையை எழுதித் தீர்த்தவர். இவற்றைக் காகிதத்தில் பென்சிலால் எழுதிக்கொள்ளுங்கள். செயற்கை நுண்ணறிவு அரட்டைச் செயலியிடம் கேட்காதீர்கள். யாருக்கும் பொருந்தும் வரிகளைத்தான் அது எனக்குத் தந்தது.

படி 2: பெயரை மாற்றிப் பாருங்கள்

நான் சறுக்கிய இடம் இதுதான். 'யுட்கோவ்ஸ்கி தேர்வு எழுதினால் வினாத்தாளே விடையைச் சொல்லிவிடும்' என்று எழுதியிருந்தேன். அவர் பெயரை எடுத்துவிட்டு ஐன்ஸ்டைன் பெயரைப் போட்டாலும் அந்த வரி அப்படியே நிற்கிறது என்றால், அதில் யுட்கோவ்ஸ்கி இல்லை, வெறும் 'மேதை' மட்டுமே இருக்கிறார் என்று பொருள். அவருக்கே உரிய ஒரு நிகழ்ச்சிக்குள் நுழைந்தால்தான் பகடி பிடிக்கும்.

எடுத்துக்காட்டாக, 2002-இல் அவர் நடத்திய 'பெட்டி' சோதனை. பெட்டிக்குள் அடைபட்ட செயற்கை நுண்ணறிவாக அவர் நடிப்பார். எதிரே காவலராக இருப்பவர், என்ன சொன்னாலும் திறந்துவிடக் கூடாது என்ற உறுதியோடு, எழுத்து வழியாகக் குறைந்தது இரண்டு மணி நேரம் உரையாட வேண்டும். முதல் இரண்டு முறையும் காவலர் திறந்துவிட்டார். என்ன பேசினார் என்பதை யுட்கோவ்ஸ்கி இன்றுவரை வெளியிடவில்லை. அவரைச் சுற்றி வளர்ந்த புகழில் பாதி அந்த மௌனத்தால் வந்தது என்பது என் கணிப்பு. அதை வைத்து நான் திருத்தி எழுதிய வரி:

'யுட்கோவ்ஸ்கியைப் பெட்டியில் பூட்டிய காவலர், இரண்டு மணி நேரம் கழித்து, தாம் வெளியே நிற்பதற்கு மன்னிப்புக் கேட்டு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டார்.'

இதில் ஐன்ஸ்டைனைப் போட்டால் வரி செத்துவிடும்.

படி 3: புகழ்ச்சிக்குள் ஒரு குத்தல் வையுங்கள்

புகழ்ச்சி மட்டும் இருந்தால் ரசிகர் மன்றச் சுவரொட்டி ஆகிவிடும். பேப்பர் கிளிப் செய்யச் சொன்ன இயந்திரம் உலகையே கிளிப்பாக மாற்றிவிடும் என்ற புகழ்பெற்ற எச்சரிக்கையை அவருடைய நீளமான எழுத்தோடு முடிச்சுப் போட்டேன்:

'இயந்திரம் அண்டம் முழுவதையும் கிளிப்பாக மாற்றிய பிறகும், யுட்கோவ்ஸ்கியின் ஒரு கட்டுரையைக் கோக்க இன்னும் நான்கு கிளிப் தேவைப்பட்டது.'

'நான்கு' என்ற எண்ணை நீக்கி 'இன்னும் நிறைய' என்று எழுதிப் பாருங்கள், சிரிப்பு போய்விடும்.

பின்சேர்க்கை

சக ஆய்வாளர் நேட் சோரெஸுடன் யுட்கோவ்ஸ்கி 2025-இல் எழுதிய நூலின் தலைப்பே, இதை (மனிதரை மிஞ்சும் செயற்கை நுண்ணறிவை) யார் உருவாக்கினாலும் எல்லோரும் சாவோம் என்கிறது. அதைக் கேலி செய்யலாமா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். அவருடைய அசையாத உறுதியைத் தாராளமாகக் கேலி செய்யலாம், சாவைத் தொட்டால் வரி கசந்துவிடும் என்பது என் கருத்து. இன்னொருவர் காவலர் வரியை நிஜமாக நடந்ததாக நம்பிக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். அன்றிலிருந்து வரிக்கு முன்னால் 'பகடி' என்று போட்டுவிட்டுத்தான் யாருக்கும் அனுப்புகிறேன்.