செம்மண்ணுக்கும் கருவேல முள்ளுக்கும் ஒரே டயர்: போர் வீல் டிரைவ் வண்டிக்கு ஏ.டி. டயர் தேர்ந்தெடுப்பது எப்படி?

காரைக்குடிப் பக்கம் இப்போது ஜிம்னி, கூர்க்கா, மஹிந்திரா தார் எல்லாம் நிறையவே கண்ணில் படுகின்றன. வண்டி வாங்கிய கையோடு டயரையும் மாற்றிவிட வேண்டும் என்று துடிக்கிறவர்களும் நிறைய. போனில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருந்ததை இங்கே வரிசையாக எழுதிவிடுகிறேன். என் வண்டிக்கு டயர் தேடி அலைந்தபோது கிடைத்த வீடியோக்கள் எல்லாம் பனியிலும் மலைப்பாறையிலும் ஏறுகிறவர்கள் எடுத்தவை. நம் சங்கதி வேறு. கொதிக்கிற ரோடு, சரளை, கண்மாய் உள்வாயில் கரம்பைச் சகதி, எல்லாவற்றுக்கும் மேலே முள்.

ஜாக்கி போடுவது, ஸ்டெப்னி மாற்றுவது எல்லாம் தெரியும் என்று எடுத்துக்கொண்டே எழுதுகிறேன்.

1. வண்டி எங்கே ஓடுகிறது?

ஆசையைத் தள்ளி வைத்துவிட்டு ஒரு மாதத்து ஓட்டத்தைக் கணக்குப் பாருங்கள். தோப்புக்கும் வயலுக்கும் போய்வருவது எவ்வளவு, திருச்சி, மதுரை, சென்னை என்று போவது எவ்வளவு? பெரும்பாலானவர்களுக்கு ரோட்டுக் கணக்குதான் மேலே நிற்கும்.

டயர் மூன்று வகை. எச்.டி. (ஹைவே டெரெய்ன்) ரோட்டுக்கு. எம்.டி. (மட் டெரெய்ன்) சகதிக்கு. இரண்டுக்கும் நடுவில் ஏ.டி. (ஆல் டெரெய்ன்). எம்.டி. டயரில் பட்டன்கள், அதாவது தரையில் படுகிற ரப்பர் கட்டிகள், பெரிதாக, இடைவெளி அகலமாக இருக்கும். பார்க்க முரட்டுத்தனமாக நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ரோட்டில் ஊளையிடும், சீக்கிரம் தேயும், மைலேஜைக் குறைக்கும். நனைந்த ரோட்டில் பிரேக் பிடித்தால் வண்டி நிற்க அதிக தூரம் எடுக்கும். ஐப்பசி மழையில் திருமயம் தாண்டி வேகமாக வருகிறபோது இந்தக் கடைசி விஷயம் உயிர்ப் பிரச்சினை.

கரம்பையில் எம்.டி.தான் கெட்டி, அதை மறுக்கவில்லை. ஏ.டி. டயரின் இடுக்கில் கரம்பை அப்பிக்கொண்டு நிமிடத்தில் வழவழ என்று ஆகிவிடும். ஆனால் நம் கண்மாய்களில் வருஷத்தில் எத்தனை நாள் சகதி கிடக்கிறது? மழைக்காலம் போனால் வெடித்த மண்தான். அந்தச் சில நாளுக்காக வருஷம் முழுக்க ஊளையைக் கேட்க வேண்டாம். ஏ.டி. போதும்.

2. சைஸ்

டயர் பக்கவாட்டில் 245/75 ஆர் 16 என்று இருந்தால், அகலம் 245 மி.மீ. அந்த அகலத்தில் 75 சதவீதம் பக்கச் சுவரின் உயரம், அதாவது ஏறக்குறைய 184 மி.மீ. ரிம் 16 அங்குலம். 2020-இல் வந்த தாரில் இந்த சைஸும் 255/65 ஆர் 18-உம் உண்டு. பின்னதில் ரிம் பெரிது, பக்கச் சுவர் 166 மி.மீ.தான். சரளையிலும் கல் பாவிய வண்டிப்பாதையிலும் ஓட்டுகிறவருக்கு 16 ரிம்தான் நல்லது. கல்லில் இடித்தால் வாங்கிக்கொள்ள ரப்பர் அதிகம் இருக்கிறது.

கம்பெனி கொடுத்த சைஸிலேயே இருங்கள் என்பது என் கட்சி. பெரிதாக்கியே தீருவேன் என்கிறவர் முதலில் மொத்த உயரத்தைக் கணக்குப் போடட்டும். ஜிம்னியின் 195/80 ஆர் 15 டயர் 693 மி.மீ. உயரம். 215/75 ஆர் 15 போட்டால் 703.5. வித்தியாசம் ஒன்றரை சதவீதம், பரவாயில்லை. 235/75 ஆர் 15 என்று போனால் 733.5, கிட்டத்தட்ட 6 சதவீதம் கூடுதல். ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது வண்டி 106-இல் போய்க்கொண்டிருக்கும். ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பினால் எங்காவது உரசும். கம்பெனி அந்த மாடலுக்குத் தராத மாற்றம் என்றால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு குறுக்கே வரும், இன்சூரன்ஸ்காரருக்கும் ஒரு காரணம் கிடைக்கும்.

3. சாதாவா, எல்.டி.யா?

எனக்கு மண்டை காய்ந்த இடம் இதுதான். ஒரே கம்பெனி, ஒரே பெயர், ஒரே சைஸ். ஆனால் ஒரு டயரில் சைஸுக்கு முன்னால் எல்.டி. என்று இருக்கிறது, இன்னொன்றில் இல்லை. விலையில் நல்ல வித்தியாசம். கடையில் கேட்டால், "எல்.டி. ஹெவிண்ணே, பத்துப் பிளை, தூக்கும்" என்பதோடு முடிந்துவிடும். அது பாதி உண்மை.

எல்.டி. என்பது இலகுரக சரக்கு வண்டிக்கான கட்டுமானம். பக்கச் சுவர் தடித்திருக்கும். 'பத்துப் பிளை' என்றால் உள்ளே பத்து அடுக்கு இருப்பதாக அர்த்தம் இல்லை. பலத்தைச் சொல்ல பழைய காலத்திலிருந்து வருகிற கணக்கு அது. உண்மையில் எத்தனை அடுக்கு என்று தெரிய வேண்டுமானால், பெரும்பாலான டயர்களில் பக்கவாட்டிலேயே பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும். செல்போன் வெளிச்சத்தைச் சாய்த்து அடித்தால் படிக்கலாம். சைடுவால் 2 பாலியஸ்டர் அல்லது 3 பாலியஸ்டர் என்று இருக்கும்.

நம் ஊரில் இந்த அடுக்கு ஏன் முக்கியம் என்றால் சீமைக் கருவேலம். கரிமூட்டத்துக்கு வெட்டியவர்கள் விறகை ஏற்றிக்கொண்டு போனபின் மிளாறு பாதையிலேயே கிடக்கும். பச்சையில் வளைகிற முள், காய்ந்தபின் ஆணி. பட்டனில் ஏறினால் பஞ்சர் ஒட்டிவிடலாம். பாதை ஓரத்து வெட்டுக்கட்டை பக்கச் சுவரைக் குத்தினால் அந்த டயர் அவ்வளவுதான். பக்கச் சுவரில் பஞ்சர் ஒட்டக் கூடாது. யார் ஒட்டித் தருகிறேன் என்றாலும் ஒட்டாதீர்கள். ஓடுகிறபோது ஒவ்வொரு சுற்றிலும் வளைந்து நிமிர்கிற இடம் அது, ஒட்டு நிற்காது.

இனி மீதிப் பாதி. சைஸுக்குப் பக்கத்தில் லோடு எண் இருக்கும். 245/75 ஆர் 16 சாதாவில் 111 என்றால் ஒரு டயர் 1,090 கிலோ தாங்கும். அதே சைஸ் எல்.டி.யில் 120/116 என்று இரண்டு எண் இருக்கும். 120 என்றால் 1,400 கிலோ. இரண்டாவது எண் லாரி மாதிரி ஜோடிச் சக்கரம் மாட்டும்போது பொருந்துவது, நமக்கு வேண்டாம். ஆகா, 1,400 என்று மகிழ்வதற்கு முன்னால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த 1,400 கிலோ 80 பி.எஸ்.ஐ. காற்று அடைத்தால்தான். 35 அடைத்தால் சாதா டயர் தாங்குவதைவிட எல்.டி. குறைவாகத்தான் தாங்கும்.

டிரைவர் கதவோரம் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரில் உள்ள காற்றளவு கம்பெனி போட்ட டயருக்கானது. எல்.டி. மாட்டிவிட்டு அதே அளவில் ஓடினால் காற்றுக் குறைந்த டயர் மாதிரி சூடாகும், சித்திரை வெயிலில் இன்னும் மோசம். டயர் கம்பெனியின் லோடு அட்டவணையைக் கேட்டு வாங்கி, வண்டியின் எடைக்கு ஏற்ப சில பி.எஸ்.ஐ. கூட்டிக்கொள்ளுங்கள்.

கூட்டியது சரியா என்று பார்க்க ஒரு சாக்பீஸ் போதும். டயர் பட்டன் மேல் குறுக்காக, ஓரத்திலிருந்து ஓரம் வரை தடிமனாகக் கோடு போடுங்கள். காய்ந்த, நேரான ரோட்டில் கொஞ்ச தூரம் உருட்டி இறங்கிப் பாருங்கள். கோடு ஒரே சீராக அழிந்திருந்தால் சரி. நடுவில் மட்டும் அழிந்திருந்தால் காற்று அதிகம். இரண்டு ஓரமும் அழிந்து நடு அப்படியே இருந்தால் குறைவு. முன் டயர், பின் டயர் இரண்டுக்கும் தனித்தனியாகப் பாருங்கள், எடை ஒன்றாக இருக்காது.

என் முடிவு: தோப்பு, வயல், ரோடு என்றால் சாதா ஏ.டி. கருவேலங்காட்டுக்குள் அடிக்கடி நுழைகிறவர், பாரம் ஏற்றுகிறவர் எல்.டி. எடுக்கலாம். ஜிம்னி போல சுமார் 1,200 கிலோ வண்டிக்குப் பத்துப் பிளை போட்டால் இடுப்புதான் போகும்.

4. கடையில் பார்க்க வேண்டியவை

தயாரிப்புத் தேதி நான்கு இலக்கமாக இருக்கும். 2325 என்றால் 2025-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். ஒரு வருஷத்துக்கு மேல் பழையது என்றால் வேறு கேளுங்கள், இல்லையென்றால் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். வேக எழுத்து எஸ் என்றால் 180 கி.மீ. வரை, நமக்குத் தாராளம். சிலவற்றில் மலையும் பனிச்செதிலும் போட்ட படம் இருக்கும். பனியில் சோதித்தது என்று பொருள். அதற்காகச் செட்டிநாட்டில் ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்க வேண்டாம்.

பிராண்ட்? ரோடும் தோப்பும் என்றால் என் ஓட்டு யோகோஹாமா ஜியோலேண்டர் ஏ.டி.க்கு. சத்தம் குறைவு, மழை ரோட்டில் நம்பலாம். முள்ளுக்குள் போகிறவருக்கு பி.எப். குட்ரிச் கே.ஓ. 2 வகை எல்.டி. கனம்தான், விலையும் கனம்தான், ஆனால் பக்கச் சுவர் கெட்டி. பட்ஜெட் இடித்தால் அப்போலோ ஆப்டெரா ஏ.டி. 2, சியட் ஸார் ஏ.டி. இரண்டையும் பாருங்கள்.

5. மாட்டுதல்

ஐந்தாக வாங்குங்கள். ஸ்டெப்னி வேறு சைஸாக இருந்து, அதை மாட்டிக்கொண்டு போர் வீலில் ஓட்டினால், முன் பின் சக்கரங்களுக்கு இழுவையைப் பிரித்துக் கொடுக்கிற டிரான்ஸ்பர் கேஸ் அடிவாங்கும். வால்வும் புதிதாகப் போடச் சொல்லுங்கள். அலைன்மென்ட், பேலன்சிங் சொல்லவே வேண்டாம். 100 கி.மீ. ஓடியபின் நட்டுகளை ஒருமுறை முறுக்கிப் பாருங்கள். 8,000 கி.மீ.க்கு ஒருமுறை ஸ்டெப்னியையும் சேர்த்து இடம் மாற்றினால் ஐந்தும் ஒன்றுபோல் தேயும்.

6. கூடவே வாங்க வேண்டியவை

சொந்தமாக ஒரு நல்ல காற்றளவு மீட்டர். பங்க் மீட்டருக்கும் இதற்கும் எப்போதும் சண்டைதான். நான் என்னுடையதைத்தான் நம்புகிறேன். அதுவும் காலையில், வண்டி எடுப்பதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது.

கம்ப்ரசர் வாங்கினால் பேட்டரியில் நேராகக் கவ்வுகிற வகையாகப் பாருங்கள். சிகரெட் லைட்டரில் சொருகுகிறது இந்த அளவு டயரை நிரப்புவதற்குள் பியூஸ் போனாலும் போய்விடும். மணிமுத்தாற்றுப் படுகை போன்ற மணலில் இறங்கும்போது 18 முதல் 20 பி.எஸ்.ஐ. வரை இறக்கினால் டயர் நீளவாக்கில் பரந்து மணல்மேல் நிற்கும். 15-க்குக் கீழே போனால் ரிம்மிலிருந்து டயர் பிதுங்கலாம். மெதுவாக ஓட்டுங்கள், ஸ்டியரிங்கை வெடுக்கென்று ஒடிக்காதீர்கள். ரோட்டுக்கு ஏறும் முன் கட்டாயம் காற்றை நிரப்புங்கள், கம்ப்ரசர் வாங்கச் சொல்வதே அதற்குத்தான். ட்யூப்லெஸ் பஞ்சர் கிட் ஒன்றும் வண்டியிலேயே கிடக்கட்டும். பட்டனில் ஏறிய முள்ளைப் பார்த்ததும் பிடுங்காதீர்கள். சோப்புத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். குமிழி வராவிட்டால் அப்படியே கடை வரை வந்துவிடலாம்.

பின்சேர்க்கை: தேவகோட்டையிலிருந்து ஒருவர், "இரண்டு டயர்தான் தேய்ந்திருக்கிறது, இரண்டு மட்டும் மாற்றலாமா?" என்று கேட்டிருந்தார். தேய்மானம் கொஞ்சமாக இருந்து, வண்டி டூ வீலிலேயே ஓடுகிறது என்றால் ஓட்டிக்கொள்ளலாம். முன்னும் பின்னும் உயரம் மாறிய வண்டியை போர் வீலில் போட்டுக் கெட்டியான ரோட்டில் ஓட்டவே கூடாது. நான்கும் ஒன்றாக இருந்தாலும் காய்ந்த ரோட்டில் போர் வீல் வேண்டாம் என்பது வேறு விஷயம்.

இன்னொரு பின்சேர்க்கை: ஜிம்னிக்கு 215 போட்ட ஒருவர், பின்கதவை மூடும்போது சத்தம் வருகிறது என்று எழுதினார். ஸ்டெப்னி கதவில் தொங்குகிற வண்டிகளில் கனமான டயர் ஏறினால் கீல் அந்தக் கனத்தைச் சுமக்கிறது. மாட்டும்போதே டயர் பம்பரில் தட்டுகிறதா என்று பாருங்கள். கீல் போல்ட்டுகளை சர்வீஸில் முறுக்கச் சொல்லுங்கள். கதவில் இருக்கிற ரப்பர் தாங்கிகள் புது டயரில் படவில்லையென்றால் அவற்றைச் சரிசெய்தால் சத்தம் நின்றுவிடும். அவருக்கு நின்றுவிட்டது.