தொழுகிறவரைப் பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அறைக்குள் தொழுதுகொண்டிருந்தேன். நண்பர் கதவைத் திறந்துகொண்டு வந்தார். "சாவியை எங்கே வச்சீங்க?" என்றார். நான் பேசவில்லை. "உங்களைத்தான் கேட்கிறேன்" என்றார். அப்போதும் பேசவில்லை. தோளைத் தொட்டுப் பார்த்தார். நான் குனிந்து, நெற்றியைத் தரையில் வைத்துவிட்டேன். கதவு மெதுவாகச் சாத்தப்படும் சத்தம் கேட்டது. நாலு நிமிடம் கழித்துச் சாவியோடு அவரைத் தேடிப் போனால், முகம் வாடி உட்கார்ந்திருக்கிறார். "ஏதாவது தப்பாப் பேசிட்டேனா?" என்று கேட்டார்.

அவர் எனக்குப் பல வருடப் பழக்கம். நான் தொழுவேன் என்று தெரியும். தொழும்போது என்ன நடக்கிறது என்று மட்டும் தெரியாது, நானும் சொன்னதில்லை. அன்று அவரிடம் சொன்னதையும், அதற்குப் பிறகு வேற்று மத நண்பர்கள் பலர் கேட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த மௌனம். கைகளை உயர்த்தி "அல்லாஹு அக்பர்" என்று சொன்னதும் தொழுகை தொடங்கிவிடுகிறது. அப்படிச் சொல்வதுதான் தக்பீர். அந்த முதல் தக்பீருக்கு 'தக்பீர் தஹ்ரீமா' என்று பெயர். 'தடை செய்யும் தக்பீர்' என்று அர்த்தம் சொல்லலாம். அதுவரை அனுமதிக்கப்பட்டிருந்த பேச்சு, சாப்பாடு, மற்ற வேலை எல்லாம் அந்த நொடியிலிருந்து தடை. தெரிந்தே ஒரு வார்த்தை பதில் சொன்னாலும் தொழுகை முறிந்துவிடும், முதலிலிருந்து தொழ வேண்டும். ஆகவே பதில் வராததை அவமரியாதையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கூப்பிடுவது அவர் காதில் விழுகிறது. முடித்ததும் வருவார்.

இதற்கு நேர் எதிரான தவறு ஒன்றும் உண்டு. உண்மையிலேயே அவசரமாக இருக்கும்போதும் "தொழுகிறார், தொந்தரவு செய்யக் கூடாது" என்று தயங்கி நிற்பது. அடுப்பில் தீப்பிடித்தாலோ, குழந்தை கிணற்றுப் பக்கம் போனாலோ, தொழுகையை முறித்துக்கொண்டு ஓடுவதுதான் மார்க்கச் சட்டம். பாம்பு, தேள் வந்தால் தொழுகைக்கு நடுவிலேயே அடிக்க அனுமதி இருக்கிறது. நபிகள் நாயகம் ஜமாஅத்தாக, அதாவது கூட்டாக, தொழுகை நடத்தும்போது பின்வரிசையில் ஒரு குழந்தை அழுவது கேட்டால், தாயின் மனம் பதறுமே என்று தொழுகையைச் சுருக்கிக்கொள்வார்கள். தம் பேத்தி உமாமாவைத் தோளில் சுமந்தபடியும் தொழுதிருக்கிறார்கள். எனவே உயிர் விஷயம் என்றால் தயங்காமல் கூப்பிடுங்கள். சாவி என்றால் நாலைந்து நிமிடம் பொறுங்கள்.

அடுத்தது, குறுக்கே நடப்பது. தொழுகிறவரின் காலுக்கும் அவர் நெற்றி படப்போகும் இடத்துக்கும் நடுவே இருக்கும் அந்தச் சிறிய இடத்தைக் கடக்கக் கூடாது. முஸ்லிம்களுக்கே இது கண்டிப்பாகச் சொல்லப்பட்டிருக்கிறது. அதனால்தான் சிலர் முன்னால் ஒரு நாற்காலியையோ பையையோ வைத்துக்கொள்வார்கள். அதற்கு 'சுத்ரா' என்று பெயர். 'என் இடம் இதுவரை' என்று மற்றவர்களுக்குக் காட்டும் எல்லை அது. அதற்கு அப்பால் தாராளமாக நடக்கலாம். பின்பக்கமாகப் போவது இன்னும் நல்லது. தெரியாமல் கடந்துவிட்டீர்களா? பதற வேண்டாம். பெரும்பாலான அறிஞர்களின் கருத்துப்படி அவருடைய தொழுகை முறியாது.

இதெல்லாம் நடந்துகொள்ளும் முறை. புரிந்துகொள்வதில் வரும் தவறுகள்தான் எனக்கு அதிகம் உறுத்துகின்றன. அதில் பெரியது, முஸ்லிம்கள் கஅபா என்ற கட்டடத்தை வணங்குகிறார்கள் என்பது. மேற்குத் திசையை வணங்குகிறார்கள் என்பது அதன் இன்னொரு வடிவம்.

கஅபா மக்காவில் இருக்கிறது. அதற்குக் கிழக்கே வாழ்பவர்கள் மேற்கு நோக்கித் தொழுவார்கள். மொராக்கோவில் இருப்பவர் கிழக்கு நோக்குவார், தென்னாப்பிரிக்காவில் இருப்பவர் வடக்குப் பக்கம் திரும்புவார். கஅபாவுக்கு அருகிலேயே நின்று தொழுபவர்களின் வரிசைகளோ வட்டமாக இருக்கும், ஒரு பக்கத்தவர் எதிர்ப்பக்கத்தவரின் முகம் பார்த்து நிற்பார்கள். திசைக்குப் புனிதம் இருந்தால் இது எப்படிச் சாத்தியம்? கிழக்கும் மேற்கும் இறைவனுக்கே உரியவை, முகத்தைக் கிழக்கிலோ மேற்கிலோ திருப்புவது மட்டும் நன்மை ஆகாது என்று குர்ஆனே சொல்கிறது. நபிகள் நாயகம் 622-ல் மதீனாவுக்குக் குடிபெயர்ந்த பிறகும் 16, 17 மாதங்கள் ஜெருசலேமை நோக்கித்தான் தொழுதார்கள். அப்புறம்தான் கஅபாவை நோக்கும் கட்டளை வந்தது. வணங்கப்படுவது கட்டடமாக இருந்திருந்தால் இப்படி மாறியிருக்காது. மாறியது 'கிப்லா', அதாவது எல்லோரும் சேர்ந்து நோக்கும் முனை. கஅபாவின் மூலையில் இருக்கும் கறுப்புக் கல்லை முத்தமிடும்போது கலீஃபா உமர், "நீ ஒரு கல் என்று எனக்குத் தெரியும். உன்னால் நன்மையும் இல்லை, தீமையும் இல்லை. நபி முத்தமிட்டதைப் பார்த்திருக்காவிட்டால் நானும் முத்தமிட்டிருக்க மாட்டேன்" என்று சொன்னது பிரபலம்.

ஆண்டுக்கு இரண்டு முறை, மே 28, ஜூலை 16 வாக்கில், மக்காவின் நண்பகலில் சூரியன் கஅபாவுக்கு நேர் மேலே வரும். அந்த நிமிடத்தில் உலகில் வெயில் இருக்கும் எந்த இடத்திலும் ஒரு குச்சியை நட்டால், நிழலுக்கு எதிர்ப்பக்கம்தான் கிப்லா. எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இது.

சூரியன் என்றதும் இன்னொன்று. தொழுகை நேரங்கள் சூரியனை வைத்துக் கணக்கிடப்படுவதால் அது சூரிய வழிபாட்டின் சாயல் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். உண்மை தலைகீழ். சூரியன் உதிக்கும்போதும், உச்சியில் நிற்கும்போதும், மறையும்போதும் தொழுவது தடுக்கப்பட்டிருக்கிறது. உதிக்கும்போதும் மறையும்போதும் சூரியனை வணங்கியவர்களோடு ஒப்பாகிவிடக் கூடாது என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. வைகறையில் ஃபஜ்ர், உச்சி சாய்ந்ததும் லுஹர், நிழல் நீண்டதும் அஸர், சூரியன் மறைந்ததும் மஃரிப், அந்திச் செம்மை போனதும் இஷா. ஐந்து வேளையும் சூரியன் இருக்கும் இடத்தைக் கடிகாரமாக மட்டும் பயன்படுத்துகின்றன. அதனால்தான் நேரம் நாளுக்கு நாள் நகர்கிறது. "போன மாசம் இந்த நேரத்துக்குத் தொழலையே" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். ஒரு கூட்டத்துக்கோ விருந்துக்கோ நேரம் குறிக்கும்போது மஃரிபை மட்டும் கவனித்துக்கொண்டால் போதும். மற்ற வேளைகளுக்கு அவகாசம் அதிகம், மஃரிபுக்குத்தான் குறைவு.

"அல்லாஹு அக்பர்" என்பதில் வரும் அக்பர் முகலாய மன்னர் இல்லை. படித்தவர்கள்கூட இதைக் கேட்டிருக்கிறார்கள். 'அக்பர்' என்றால் அரபியில் 'மிகப் பெரியவன்'. இறைவன் மிகப் பெரியவன், அவ்வளவுதான். மன்னருக்கு அந்தப் பெயர் வந்தது பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு.

பாங்கையே தொழுகை என்று நினைப்பதும் பரவலான தவறு. பாங்கு தொழுகைக்கான அழைப்பு. இறைவனைப் பெரியவன் என்று சொல்லும் வார்த்தைகளும், நம்பிக்கையை உறுதிப்படுத்தும் வார்த்தைகளும், தொழ வாருங்கள் என்று கூப்பிடும் வார்த்தைகளும் அதில் உண்டு, வைகறையில் மட்டும் 'தூக்கத்தைவிடத் தொழுகை மேலானது' என்று ஒரு வரி கூடும். சினிமாவில் வருகிற மாதிரி இரு கைகளையும் ஏந்திக் கேட்பதும் தொழுகை இல்லை, அது துஆ. எந்த மொழியிலும், எந்த நேரத்திலும், நடந்துகொண்டேகூட துஆ கேட்கலாம். தொழுகைக்கு நேரம், சுத்தம், திசை, வார்த்தை, அசைவு எல்லாம் வரையறுக்கப்பட்டவை. "எனக்காகத் தொழுங்கள்" என்று அன்போடு கேட்பவர்கள் உண்டு. அவர்கள் கேட்பது துஆவைத்தான். எனக்காக துஆ செய்யுங்கள் என்று சொன்னால் பொருத்தமாக இருக்கும்.

அந்த வரையறுக்கப்பட்ட அசைவுகளைக் கொஞ்சம் பக்கத்தில் நின்று பாருங்கள். தொழுகைக்கு முன் உறுப்புகளைக் கழுவும் ஒளு செய்தாகிவிட்டது: முகம், முழங்கை வரை கைகள், தலையைத் தடவுதல், கணுக்கால் வரை கால்கள். நின்று, 7 வசனங்கள் கொண்ட ஃபாத்திஹா அத்தியாயத்தை ஓதுகிறார். "உன்னையே வணங்குகிறோம், உன்னிடமே உதவி தேடுகிறோம்" என்பது அதன் நடுவில் வரும். ஒற்றை ஆளாகத் தொழுதாலும் 'நான்' இல்லை, 'நாங்கள்'தான். அப்புறம் கைகளை முழங்காலில் ஊன்றி, முதுகு தட்டையாகக் குனிவது ருகூவு. நிமிர்ந்து நின்றபின் சுஜூது. நெற்றியும் மூக்கும், இரு உள்ளங்கைகள், இரு முழங்கால்கள், இரு பாதங்களின் விரல் நுனிகள் என ஏழு உறுப்புகள் தரையில் படும். அந்த நிலையில் அவர் மூன்று முறை மெல்லச் சொல்வது, "மிக உயர்ந்த என் இறைவன் தூயவன்." மனிதன் தன் உடம்பை எவ்வளவு தாழ்த்த முடியுமோ அவ்வளவு தாழ்த்தியிருக்கும்போதுதான் 'மிக உயர்ந்தவன்' என்ற சொல் வருகிறது. எழுந்து உட்கார்ந்து, மறுபடி ஒரு சுஜூது. இது ஒரு ரக்அத். ஃபஜ்ருக்கு 2, லுஹர், அஸர், இஷாவுக்கு 4, மஃரிபுக்கு 3, ஆக ஒரு நாளைக்கு 17 ரக்அத் கட்டாயம். மற்றவை சுன்னத், நஃபில் எனப்படும் கட்டாயமல்லாத தொழுகைகள்.

"நல்ல உடற்பயிற்சி, முட்டிக்கு நல்லது" என்று பாராட்டுபவர்கள் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனாலும் அது தொழுகையைத் தவறாகப் பார்ப்பது. நிற்க முடியாதவர் உட்கார்ந்து தொழலாம், உட்காரவும் முடியாதவர் படுத்தபடி தொழலாம். உடம்பே அசையாமல் கட்டிலில் கிடப்பவர் கண் இமையால் சாடை காட்டித் தொழுதாலும் அது முழுத் தொழுகைதான் என்று சொன்ன அறிஞர்கள் உண்டு. அதில் பயிற்சி எங்கே இருக்கிறது? அதனால் நாற்காலியில் அமர்ந்து தொழும் ஒருவரைப் பார்த்து "இது செல்லுமா?" என்று கேட்காதீர்கள். அதேபோல ஒரு பெண்ணிடம் "இன்னிக்கு ஏன் தொழலை?" என்றும் கேட்காதீர்கள். மாதவிடாய் நாட்களில் பெண்களுக்குத் தொழுகை இல்லை, பின்னால் ஈடு செய்யவும் தேவையில்லை. அந்தக் கேள்வி அவரைச் சங்கடப்படுத்திவிடும்.

ஒருவர் நெஞ்சில் கை கட்டுவார், ஒருவர் தொப்புளுக்குக் கீழே கட்டுவார், மாலிகி என்ற சட்டப் பிரிவினரில் பலரும் ஷியா பிரிவினரும் கையைத் தொங்கவிடுவார்கள். ஷியாக்கள் நெற்றி படும் இடத்தில் சிறிய மண்கட்டி ஒன்றை வைத்துக்கொள்வார்கள். இதில் எது சரி என்று தீர்ப்புச் சொல்ல வேண்டிய வேலை உங்களுக்கு இல்லை. தொழுகை நடத்தும் இமாமைப் பூசாரி அல்லது பாதிரியார் போல நினைப்பதும் சரியில்லை. இறைவனுக்கும் மக்களுக்கும் நடுவில் நிற்பவரல்ல அவர், எல்லோரும் பார்க்கும் அதே திசையை முன்வரிசைக்கும் முன்னால் நின்று பார்ப்பவர். அவர் தவறு செய்தால் பின்னால் நிற்பவர்கள் "சுப்ஹானல்லாஹ்" (இறைவன் தூயவன்) என்று சொல்லித் திருத்துவார்கள்.

பள்ளிவாசலுக்குள் பார்க்க அழைத்தால், செருப்பைக் கழற்றிவிட்டுப் பின்னால் ஓர் ஓரமாக உட்கார்ந்தால் போதும். கூடவே குனிந்து நிமிர வேண்டுமோ என்ற கூச்சம் வேண்டாம், உங்களிடம் அதை யாரும் எதிர்பார்க்கவில்லை. செல்போனை எடுத்துச் சுஜூதில் இருப்பவர்களைப் படம் பிடிப்பதை மட்டும் தயவுசெய்து தவிருங்கள்.

என் நண்பர் இப்போதும் தொழும் நேரத்தில் அறைக்குள் வருவார். வந்தால் பின்பக்கமாகச் சுற்றிப்போய் ஜன்னலோரம் உட்கார்ந்துகொள்வார். கடைசி அமர்வில் முகத்தை முதலில் வலப்பக்கம் திருப்பி "அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹ்" என்பேன், அப்புறம் இடப்பக்கம் திருப்பி இன்னொன்று. அந்த இரண்டாவது சலாமில் தொழுகை முடிகிறது என்று அவருக்குத் தெரியும். என் முகம் அவர் பக்கம் வரும்போது, "சரி, சாவி எங்கே?" என்பார்.